குடும்ப சிகிச்சையில் முனைவர் பட்டம்: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து போகிறவர்களுக்கு

எம்.எஸ்.டபிள்யூ. அல்லது எம்.ஏ. உளவியல் முடித்துவிட்டு, அமெரிக்காவில் திருமண, குடும்ப சிகிச்சையில் முனைவர் பட்டம் படிக்கக் கிளம்பும் மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக எழுதியது இது. சேர்க்கைக்கு வழிசொல்ல ஏஜென்டுகள் உண்டு. சேர்ந்தபின் வரும் சிகிச்சைப் பயிற்சி மணிகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை. படிப்பு ஓராண்டு, ஈராண்டு நீண்டுபோனவர்களை விசாரித்தால் ஆய்வேட்டைவிட, கணக்கில் ஏறாத மணிகளும் கையெழுத்து விடுபட்ட தாள்களும் காரணமாக இருப்பதைக் காணலாம். அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம்.

வரிசைப்படி போவோம். முதல் மூன்றும் ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை.

1. அங்கீகாரத்தைப் பாருங்கள், மாணவர் கையேட்டைப் படியுங்கள்

அமெரிக்காவில் இந்தத் துறைக் கல்விக்கு அங்கீகாரம் தருவது சி.ஓ.ஏ.எம்.எஃப்.டி.இ. என்னும் குழு. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் அந்த முனைவர் திட்டத்துக்கே இருக்க வேண்டும். ஒரே துறையில் முதுகலைக்கு அங்கீகாரம் இருந்து முனைவர் திட்டத்துக்கு இல்லாமல் இருப்பதுண்டு. குழுவின் இணையப் பட்டியலில் திட்டத்தின் பெயரையும் பட்டநிலையையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து மாணவர் கையேடு. பெரும்பாலான துறைகள் இணையத்திலேயே வைத்திருக்கின்றன. இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேட்டால் அனுப்புவார்கள். விண்ணப்பிக்கும் முன்பே படியுங்கள். நான்கு இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள்: பட்டத்துக்கு எத்தனை மணி சிகிச்சை, அதில் எத்தனை உறவு மணி (தம்பதியோ குடும்பமோ சேர்ந்து வந்த அமர்வு), முதுகலையில் செய்த மணிகளில் எவ்வளவு ஏற்பார்கள், பட்டம் முடிக்க உச்சவரம்பு எத்தனை ஆண்டு. எந்த ஆண்டில் சேர்கிறீர்களோ அந்த ஆண்டுக் கையேடுதான் பெரும்பாலும் உங்களைக் கட்டுப்படுத்தும். அதன் பி.டி.எஃப். ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் விதி மாறினால் "நான் சேர்ந்தபோது இப்படி இருந்தது" என்று காட்ட அதுதான் கையில் இருக்கும்.

நம் ஊர்ப் பட்டதாரிகள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. குடும்ப சிகிச்சையில் முதுகலை முடித்தவரை மனத்தில் வைத்தே முனைவர் திட்டங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. எம்.எஸ்.டபிள்யூ.வோ உளவியல் எம்.ஏ.வோ முடித்து வருபவருக்கு அடிப்படைப் பாடங்கள் குறைவு என்று கணித்து, முதலில் அவற்றை முடிக்கச் சொல்வார்கள். கூடவே முதுகலை நிலைக்கு உரிய சிகிச்சை மணிகளையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கும். எந்தெந்தப் பாடம் குறைகிறது, அதற்கு எத்தனை பருவம் ஆகும், அந்தப் பருவங்களுக்கும் உதவித்தொகை உண்டா என்ற மூன்றையும் சேர்க்கைக் கடிதத்துக்குச் சம்மதம் சொல்லும் முன் எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பிப் போக வேண்டாம்.

2. பெயரைப் பாஸ்போர்ட்டிலேயே சரிசெய்யுங்கள்

இதைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் குடும்பப்பெயர்ப் பகுதி காலியாக இருக்கும். அப்படியே விசா எடுத்தால் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் "எஃப்.என்.யூ." என்ற மூன்று எழுத்து வந்துவிடும். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். பிறகு பல்கலைக்கழக அடையாள அட்டை, கைரேகைச் சோதனை, மணிக்கணக்கு ஏடு, உரிமத் தேர்வு விண்ணப்பம் எல்லாவற்றிலும் அந்த எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றில் ஒரு பெயரும் மற்றொன்றில் வேறு பெயரும் இருந்தால் உரிம வாரியம் தாளைத் திருப்பி அனுப்பும்.

தகப்பனார் பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்து, பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்யுங்கள். நம் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய்; தட்கலில் மேலும் 2,000. மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்தோடு உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று வாங்கி, நாலைந்து பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஊரிலிருந்து கையோடு எடுத்துப்போக வேண்டியவை

மதிப்பெண் சான்றுகளை முத்திரையிட்ட உறையில் பல்கலைக்கழகமே தர வேண்டும். நம் மாவட்டக் கல்லூரிகளில் இளங்கலை படித்தவர்கள் பெரும்பாலும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியிருக்கும்; முதுகலையை வேறு ஊரில் படித்திருந்தால் அங்கேயும் தனியாக. ஒரே பயணத்தில் குறைந்தது ஐந்து உறைகள் வாங்குங்கள். கூடவே பாடத்திட்ட விவரத்தை, ஒவ்வொரு தாளுக்கும் என்ன பாடம், எத்தனை மணி என்ற பக்கங்களைத் துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் இட்டு வாங்குங்கள். அடிப்படைப் பாடங்களில் விலக்கு கேட்க இந்தப் பக்கங்கள்தாம் ஆதாரம். பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து யாரும் விலக்கு தரமாட்டார்கள்.

தடுப்பூசிகளுக்கு நாள் கணக்கு உண்டு. ஹெபடைடிஸ் பி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, பிறகு ஆறாவது மாதம். ஆகவே ஆகஸ்டில் கிளம்புபவர் ஜனவரியிலேயே தொடங்க வேண்டும். எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) இரண்டு தவணை, குறைந்தது 28 நாள் இடைவெளி. மருத்துவமனையோடு இணைந்த பயிற்சி மையங்கள் இவற்றின் சான்று இல்லாமல் உள்ளே விடுவதில்லை.

காசநோய்ச் சோதனையில் கவனம் வேண்டும். நமக்கெல்லாம் பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டிருப்பதால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். அப்படிக் காட்டிவிட்டால் மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று பயிற்சி தொடங்குவது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். "ஐக்ரா" என்னும் ரத்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள், பி.சி.ஜி. அதைப் பாதிப்பதில்லை.

சில மையங்கள் இந்தியாவில் வாழ்ந்த காலத்துக்கும் காவல்துறைச் சான்று கேட்கும். பாஸ்போர்ட் இணையதளத்தில் பி.சி.சி. என்று விண்ணப்பித்தால் 500 ரூபாயில் முடியும். அங்கே போய்ச் சேர்ந்தபின் தூதரகம் வழியாக வாங்குவது இதைவிட அலைச்சல்.

விசாச் செலவில் பெரியவை இரண்டு: செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். கட்டும் நாளில் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நேர்காணல் சென்னைத் துணைத்தூதரகத்தில். ராமேஸ்வரத்திலிருந்து இரவு ரயில் ஏறி அன்று காலையிலேயே நேர்காணல் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ரயில் தாமதமானால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முதல்நாளே போய்த் தங்குங்கள். படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது என்பதையும் கணக்கில் வைத்து டிக்கெட் எடுங்கள்.

4. எது மணி, எது மணி இல்லை

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். படிப்பின் முதுகெலும்பு இதுதான்.

நேரடிச் சிகிச்சை மணி என்றால், கிளையன்ட் உங்கள் முன் இருந்து நீங்கள் சிகிச்சை தந்த நேரம். குறிப்பு எழுதியது, தொலைபேசியில் நேரம் குறித்தது, பள்ளி ஆசிரியரிடம் பேசியது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அடுத்தவர் அமர்வைப் பார்த்தது, வகுப்பில் நடித்துப் பழகியது எதுவும் இதில் சேராது. கிளையன்ட் வராமல் போன மணியும் சேராது. ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் ஏட்டில் பூஜ்யம்தான். சிகிச்சைக் குழுவில் உட்கார்ந்து கருத்துச் சொன்ன நேரத்தைச் சில துறைகள் ஒரு வரம்பு வரை ஏற்கும். அது உங்கள் கையேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உறவு மணி என்பது ஒன்றுக்கு மேற்பட்டவர், ஒருவருக்கொருவர் உறவுடையவர், அமர்வில் சேர்ந்து இருந்த நேரம். கணவனும் மனைவியும், தாயும் மகனும், அண்ணனும் தம்பியும். மனைவி தனியாக வந்து கணவரைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினாலும் அது தனிநபர் மணி. புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை இன்னொன்று: நான்கு பேர் கொண்ட குடும்பத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு நான்கு மணி என்று எழுதுவது. அறையில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு மணி ஒரு மணிதான். மாறாக, இரண்டு மாணவர்கள் சேர்ந்து ஒரு குடும்பத்தைப் பார்த்தால், இருவரும் உண்மையாகவே சிகிச்சை நடத்தியிருந்தால், இருவரும் எழுதிக்கொள்ளத் துறைகள் பொதுவாக அனுமதிக்கின்றன.

எத்தனை மணி வேண்டும்? முதுகலை நிலைக்கு 300 என்றும் 500 என்றும் இரண்டு கணக்குகள் புழக்கத்தில் உள்ளன. அங்கீகாரக் குழுவின் எந்தப் பதிப்பு விதியின் கீழ் இருக்கிறீர்கள், துறை தன் பங்குக்கு எவ்வளவு கூட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முனைவர் நிலைக்கு உரிய எண்ணைத் துறையே கையேட்டில் வைக்கிறது. முதுகலையில் சேர்த்ததையும் கூட்டி 1,000 மணி என்று வைத்திருக்கும் துறைகள் உண்டு. இவற்றுக்கு வெளியே மாநில உரிம வாரியம் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கும். பட்டத்துக்குப் போதுமான மணி உரிமத்துக்குப் போதாமல் போகலாம். எந்த மாநிலத்தில் உரிமம் வாங்க எண்ணுகிறீர்களோ அந்த வாரியத்தின் படிவத்தை முதல் பருவத்திலேயே இறக்கி, அதில் உள்ள பிரிவுகளின்படியே உங்கள் ஏட்டையும் பிரித்து எழுதுங்கள். பிறகு பிரிக்க முடியாது. மூன்றாண்டுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை யார் யார் வந்தார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது.

இந்தியாவில் முதுகலையின்போது களப்பணியாகச் செய்த ஆலோசனை மணிகளை ஏற்பார்களா என்று பலர் கேட்கிறார்கள். தகுதியுள்ள மேற்பார்வையாளரின் கீழ், எழுத்துப் பதிவோடு நடந்ததாக நிறுவ வேண்டும்; நம் களப்பணி ஏடுகள் அந்த வடிவில் இருப்பதில்லை. ஏற்கமாட்டார்கள் என்று வைத்தே திட்டமிடுங்கள்.

5. மேற்பார்வை: பார்த்தது, கேட்டது, வெறுமே சொன்னது

முதுகலை நிலைக்கு 100 மணி மேற்பார்வை, அதில் குறைந்தது 50 மணி நேரடிச் சான்றோடு என்பது நீண்டகாலமாக இருக்கும் அளவு. நேரடிச் சான்று என்றால் மேற்பார்வையாளர் உங்கள் அமர்வை அப்போதே பார்ப்பது, அல்லது வீடியோ, ஆடியோ பதிவைப் போட்டுக் காண்பது. "இந்தக் குடும்பத்தில் இப்படி நடந்தது" என்று நீங்கள் வாயால் சொன்னது அதில் வராது. ஒன்றிரண்டு மாணவர் இருந்தால் தனி மேற்பார்வை. அதற்கு மேல் எட்டுப் பேர் வரை குழு மேற்பார்வை. மேற்பார்வையாளருக்கு ஏ.ஏ.எம்.எஃப்.டி. என்னும் அமெரிக்கத் திருமண, குடும்ப சிகிச்சையாளர் அமைப்பின் தகுதியோ அதற்கு இணையான தகுதியோ இருக்க வேண்டும். வெளி மையத்தில் உங்களை அன்றாடம் கவனிக்கும் அதிகாரிக்கு அது இல்லையென்றால், அவரோடு பேசிய நேரம் நிர்வாக மேற்பார்வை மட்டுமே. முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

தமிழில் அமர்வு நடத்தினால் ஒரு சிக்கல் வரும். தமிழ்க் குடும்பங்கள் உங்களைத் தேடி வருவார்கள். அது நல்லதுதான், அவர்களுக்கு வேறு ஆளும் கிடைப்பதில்லை. ஆனால் மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது. பதிவைப் போட்டுக் காட்டினால் அவருக்கு முகமும் குரலும் மட்டும் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு தமிழ் அமர்விலும் பத்து நிமிடப் பகுதியை எடுத்து, வரிக்கு வரி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு இரண்டு மணி நேர உழைப்பு ஆகும். முதல் 50 மணி நேரடிச் சான்று நிறையும்வரை பெரும்பாலும் ஆங்கில அமர்வுகளை வைத்துக்கொண்டு, தமிழ்க் குடும்பங்களை ஒன்றிரண்டாக ஏற்பது நல்லது என்பது என் கருத்து.

பதிவுகளைச் சொந்தக் கைப்பேசியில் எடுக்காதீர்கள், வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள், பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நோயாளி தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின்படி அது தகவல் கசிவு. திட்டத்திலிருந்து நீக்கும் அளவுக்குப் போகக்கூடியது. துறை தரும் பூட்டிய கருவியும் சேமிப்பிடமும் மட்டுமே.

கையெழுத்து வாரந்தோறும். பருவ முடிவில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், மேற்பார்வையாளர் வேலை மாறிப் போயிருப்பார், அல்லது எண்களைக் கண்டு தயங்குவார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அந்த வார ஏட்டை முடித்து, திங்கட்கிழமை கையெழுத்து வாங்கி, அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். இணையத்தில் மணி ஏற்றும் மென்பொருள் இருந்தாலும் மாதம் ஒருமுறை பி.டி.எஃப். இறக்கிவையுங்கள். துறை மென்பொருளை மாற்றும்போது பழைய பதிவுகள் போய்விடுவதுண்டு.

6. வாரக் கணக்கு போட்டுப் பாருங்கள்

500 மணி சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். வாரம் 10 அமர்வு குறிக்கிறீர்கள். மூன்று பேர் வரவில்லை. ஏட்டில் ஏறுவது 7. இரண்டு பருவம் மட்டும், ஆண்டுக்கு 30 வாரம் வேலை செய்தால் 210 மணி. 500 தொட இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். கோடையையும் சேர்த்து 48 வாரம் செய்தால் 336. ஒன்றரை ஆண்டில் முடிகிறது. கோடையில் மூன்று மாதம் ஊருக்கு வந்தால் சுமார் 84 மணி போகிறது.

ஊருக்கு வராதீர்கள் என்று சொல்லவில்லை. அம்மா அப்பாவைப் பார்க்காமல் மூன்று ஆண்டு இருப்பவருக்கு அடுத்தவர் குடும்பத்தோடு உட்காரும் திராணி குறைந்துபோகும். எப்போது வருவது என்பதைத்தான் கணக்கிட வேண்டும். வருவதற்கு ஆறு வாரம் முன்பே கிளையன்டுகளுக்குச் சொல்லி, யார் பார்ப்பார்கள் என்று ஏற்பாடு செய்து, அதைக் கோப்பில் எழுதுங்கள். சொல்லாமல் கிளம்புவது கைவிட்டதாகக் கருதப்படும். ராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு வீடியோவில் அமர்வு நடத்தலாம் என்ற எண்ணமும் வேண்டாம். சிகிச்சைக்கு அனுமதி மாநிலத்தைப் பொறுத்தது. காப்பீடும் பல்கலைக்கழகமும் பொதுவாக வெளிநாட்டிலிருந்து நடத்துவதை ஏற்பதில்லை.

உறவு மணி பின்தங்குவது எல்லா மாணவருக்கும் நேர்கிறது. தனிநபர்கள் எளிதாகக் கிடைப்பார்கள்; தம்பதியரை ஒரே நேரத்துக்கு வரவைப்பதுதான் பாடு. மாலை ஐந்துக்குப் பிறகும் சனிக்கிழமையும் உங்கள் நேரத்தில் இடம் வைத்தால்தான் அவர்கள் வருவார்கள். தனியாக வரும் கிளையன்டிடம் மூன்றாவது அமர்வுக்குள், யாரை உடன் அழைத்துவரலாம் என்று கேளுங்கள். சிகிச்சைக்கும் அது நல்லது.

7. வெளி மையத்துக்குப் போகுமுன் விசா அனுமதி

பல்கலைக்கழகத்தின் சொந்தக் கிளினிக்கில் பாடத்தின் பகுதியாகச் செய்வது பொதுவாகச் சிக்கலில்லை. வெளியே பள்ளி, மருத்துவமனை, சமூக மையம் என்று போனால் எஃப்-1 என்னும் மாணவர் விசாக்காரருக்கு சி.பி.டி. (படிப்பின் பகுதியான வேலைப்பயிற்சி) அனுமதி தேவைப்படும். சம்பளம் இல்லாத பயிற்சிதானே என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அனுமதி உங்கள் ஐ-20 படிவத்தில் (பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் மாணவர் சான்று) ஏறிய பிறகே முதல் நாள் போக வேண்டும். மையத்தின் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி மூன்றும் அதில் இருக்கும். தேதி முடிந்தபின் ஒரு நாள் போனாலும் விதிமீறல். மையம் மாறினால் புது அனுமதி.

வாரத்துக்கு 20 மணிக்கு மேல் போனால் முழுநேரக் கணக்கு. முழுநேர சி.பி.டி. 12 மாதம் ஆகிவிட்டால் பட்டத்துக்குப் பின் கிடைக்கும் 12 மாத ஓ.பி.டி. (துறையில் வேலை செய்யும் அனுமதி) வாய்ப்பு அந்தப் பட்டநிலைக்குப் போய்விடும். உரிமத்துக்கான பட்டப்பின் மணிகளைச் சேர்க்கப் பெரும்பாலோருக்கு அந்த 12 மாதம்தான் வழி. ஆகவே ஓராண்டு இன்டர்ன்ஷிப்பை வாரம் 20 மணிக்குள் வைத்துக்கொள்ள முடியுமா என்று துறையோடு பேசுங்கள்.

மையத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாக ஆறு முதல் எட்டு வாரம் எடுத்துக்கொள்ளும் என்று வைத்து நடக்கவும். கைரேகை, பின்னணிச் சோதனை, தொழில் பொறுப்புக் காப்பீடு, ஹிப்பா பயிற்சிச் சான்று எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஆகஸ்டில் தொடங்க மே மாதமே கேளுங்கள்.

8. ஆண்டு மதிப்பீடும் போர்ட்ஃபோலியோவும்

ஒவ்வொரு ஆண்டும் ஆசிரியர் குழு உங்களை மதிப்பிட்டுக் கடிதம் தரும். மதிப்பெண் சராசரி (4.0 அளவில்) 3.0-க்குக் கீழே போகாமல் இருப்பது பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அடிப்படை. மதிப்பெண் நன்றாக இருந்தும் சிகிச்சைத் திறனிலோ தொழில் நடத்தையிலோ குறை கண்டால் திருத்தத் திட்டம் ஒன்று கொடுப்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு ஒளித்துவைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் தேதியும் செய்ய வேண்டியதும் இருக்கும். ஒவ்வொன்றையும் முடித்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். நீக்கும் முடிவு வருவது பெரும்பாலும் திருத்தத் திட்டத்தைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கே.

பல துறைகளில் பழைய எழுத்துத் தேர்வுக்குப் பதில் போர்ட்ஃபோலியோ வந்துவிட்டது. ஆய்வுக் கட்டுரை, வகுப்பு எடுத்த சான்று, சிகிச்சைக் கோட்பாட்டுக் கட்டுரை, அமர்வு வீடியோ, மேற்பார்வை செய்த பதிவு என்று பிரிவுகள் இருக்கும். மேம்பட்ட நடைமுறை அனுபவம் என்று ஒரு பகுதியும் உண்டு. கற்பித்தல், மேற்பார்வை, ஆய்வு போன்றவற்றில் குறைந்தது இரண்டைச் செய்து காட்ட வேண்டும். அமர்வு வீடியோவைச் சமர்ப்பிக்கக் கிளையன்டின் சம்மதம் தனியாக வேண்டும். சிகிச்சைக்கும் மேற்பார்வைக்கும் கொடுத்த சம்மதம் இதற்குச் செல்லாமல் போகலாம். நல்ல அமர்வு முடிந்து குடும்பமும் ஊர் மாறிப் போனபின் சம்மதம் தேடி அலைய முடியாது. தொடக்கப் படிவத்திலேயே கேளுங்கள்.

போர்ட்ஃபோலியோ முடிந்தால்தான் ஆய்வேட்டுத் திட்டத்தை வைக்க முடியும், ஆய்வேட்டுத் திட்டம் ஏற்கப்பட்டால்தான் இன்டர்ன்ஷிப் என்று சங்கிலியாகக் கட்டியிருப்பார்கள். ஒன்று தள்ளினால் எல்லாம் தள்ளும்.

9. ஆய்வேட்டுக்கு நம் கடற்கரையில் குடும்பங்களைச் சந்திப்பதாக இருந்தால்

பலருக்கு இந்த ஆசை இருக்கும், இருக்கவும் வேண்டும். மீனவக் குடும்பங்களையும் வளைகுடாவில் தகப்பன் இருக்கும் குடும்பங்களையும் பற்றி எழுத நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

நாள் குறிப்பதில்தான் வெற்றி தோல்வி. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். பள்ளிக்கும் கோடை விடுமுறை. தகப்பன், தாய், பிள்ளை மூவரையும் ஒன்றாக உட்காரவைக்க ஆண்டில் இதைவிட நல்ல நேரம் கிடையாது. அமெரிக்கப் பருவம் மே நடுவில் முடிகிறது. ஆகவே உங்கள் கைக்கு வருவது ஏறத்தாழ ஒரு மாதம்தான். அந்த மாதத்தைப் பிடிக்க வேண்டுமானால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஏப்ரலுக்குள் வர வேண்டும். அதற்கு ஜனவரியில் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். இந்தத் தடை விசைப்படகுகளுக்கு உரியது. நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் கடலுக்குப் போவார்கள், அவர்களுக்குத் தனி நாள் கேளுங்கள். பாசி எடுக்கும் பெண்களிடமும் அவர்கள் போகும் நாளைக் கேட்டுக்கொண்டு குறியுங்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடாத் தகப்பனை வீடியோவில் சேர்ப்பதானால் அவருக்கு வெள்ளிக்கிழமை விடுப்பா என்று கேட்டு, ஜும்ஆவுக்குப் பிந்தைய நேரம் பாருங்கள்.

நெறிமுறைக் குழு சம்மதப் படிவத்தைத் தமிழில் கேட்கும். ஒருவர் தமிழாக்கி, வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். "கலந்தாய்வு", "உளச்சிக்கல்" என்று எழுதாமல், குடும்பத்தில் பேசிக்கொள்ளும் முறை, சண்டை சச்சரவு, மனக்கஷ்டம் என்று எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்டும் முறையையும் விண்ணப்பத்திலேயே சேருங்கள். ஊர்த் தலைவரோ ஜமாஅத்தோ அனுமதி தந்தது ஊருக்குள் நுழைய. ஒவ்வொரு ஆளிடமும் தனித்தனிச் சம்மதம் அதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும். தலைவர் சொல்லிவிட்டதால் வந்தவருக்கு, வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டென்பதைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். வெளிநாட்டு நிதி கலந்த உடல்நல ஆய்வுக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழியாக மத்திய அரசின் ஆய்வுக்குழு அனுமதி தேவைப்படும். உங்கள் நிதி எங்கிருந்து வருகிறது என்பதை நெறியாளரோடு உட்கார்ந்து முதலிலேயே தெளிவாக்குங்கள்.

இடம் இன்னொரு பாடு. வீட்டு வாசலில் உட்கார்ந்தால் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். காற்றும் அலையும் பதிவை அழித்துவிடும். பள்ளி வகுப்பறையோ சங்கக் கட்டடமோ கேளுங்கள். சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும்.

குழந்தை பாலியல் துன்பம் பற்றி யாராவது சொல்லிவிட்டால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ரகசியம் காப்பதன் இந்த எல்லையைப் பேசத் தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள், படிவத்திலும் எழுதுங்கள். குழந்தை உதவி எண் 1098, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 இரண்டையும் அச்சிட்ட தாளாகக் கையில் கொடுங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம், தேவைப்படுவோரை அனுப்புவதற்கு முன்கூட்டியே கடிதம் வாங்கி வைத்தால் நெறிமுறைக் குழுவின் பாதிக் கேள்விகள் நின்றுவிடும்.

ஊருக்கு வரும்போது ஐ-20-இல் பயணக் கையெழுத்து ஓராண்டுக்கு உட்பட்டதா என்று பாருங்கள். விசா முத்திரை காலாவதியாகியிருந்தால் சென்னையில் மறுபடி நேர்காணல். அந்த நாட்களையும் கள வேலைக்கான மாதத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

10. முடிக்கும் தறுவாயில்

ஓ.பி.டி. விண்ணப்பத்தைப் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்னிருந்து, முடிந்து 60 நாள் வரை அனுப்பலாம். முதல் நாளிலேயே அனுப்பிவிடுங்கள். ஓ.பி.டி. தொடங்கிய பின் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது.

ஊருக்குத் திரும்பித் தொழில் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த முனைவர் பட்டம் உங்களை இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அந்தப் பெயரில் தொழில் செய்ய ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் குழுமம்) பதிவு வேண்டும், 1992-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவில்லாதவர் செய்வதைத் தடுக்கிறது. பெயர்ப்பலகையில் குடும்ப சிகிச்சையாளர், ஆலோசகர் என்றே போடுங்கள். கல்லூரி வேலைக்குப் பட்டத்தின் சமநிலைச் சான்று கேட்பார்கள்.

கிளம்பும் முன் துறையிடமிருந்து வாங்க வேண்டியவை: மொத்த மணிகளையும் உறவு மணிகளையும் மேற்பார்வை மணிகளையும் பிரித்துக் காட்டி, இயக்குநர் கையெழுத்திட்ட கடிதம், ஒவ்வொரு மேற்பார்வையாளரின் தகுதிச் சான்று நகல், உரிம வாரியப் படிவத்தில் அவர்கள் நிரப்ப வேண்டிய பக்கங்கள் (நிரப்பி, முத்திரையிட்ட உறையில்), பாடத்திட்ட விவரம் முழுவதும். பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி பட்டம் பெற்றபின் மூடப்படலாம். அதில் உள்ள ஒப்புதல் கடிதங்களை அதற்கு முன்பே சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கிளையன்ட் விவரம் உள்ளவற்றைத் தவிர. வார ஏடுகளின் ஸ்கேன் பிரதிகளை இரண்டு இடத்தில் வையுங்கள். பத்தாண்டு கழித்து வேறு மாநிலத்தில் உரிமம் கேட்டாலும் அவற்றைக் கேட்பார்கள்.